கழலாத பாகத்தை எது பிடித்திருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரிக்க உட்கார்ந்த எல்லோருக்கும் இந்தக் கட்டம் வந்தே தீரும். எல்லா போல்ட்டும் கழற்றியாயிற்று, பாகம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கை தானாகப் பெரிய சுத்தியலைத் தேடும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஓடித் தேய்ந்த பாகத்தையாவது சரிசெய்துவிடலாம். கழற்றும்போது விண்டுபோன வார்ப்புக்கு மாற்றுக் கிடைப்பது மிகவும் கடினம். அதனால் பலத்தைக் கூட்டுவதற்கு முன்னால் இதை இப்போது எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் படாத நட்டாக இருக்கலாம், எதிர்த்திசை மரையாக இருக்கலாம், கூம்புப் பொருத்தமாக இருக்கலாம், துருவாகவோ, கசியாமலிருக்க இரு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் ஒட்டிப்போனதாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மறைந்திருக்கும் நட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில எஞ்சின்களில் சிலிண்டரைப் பிடிக்கும் ஒரு நட் டாப்பெட் மூடிக்குள்ளே, அதாவது வால்வை அசைக்கும் பாகத்தின் மூடிக்குள்ளே இருக்கும். மூடியைத் திறக்காதவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொடுக்கிறது, மறுபக்கம் இம்மியும் நகரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஒரு ஸ்குரூத் தலை முழுதாக ஒளிந்துகொள்ளும். பாகங்களின் படம் போட்ட பழைய கையேடு கிடைத்தால் அதைப் போல உதவி வேறில்லை. எப்படியானாலும் சிலிண்டரைக் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், அவை பட்டென்று உடையும்.

அடுத்தது மேக்னெட் பிளைவீல், அதாவது கிராங்க் தண்டின் நுனியில் சுழலும் காந்தச் சக்கரம். அதிக சேதம் நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிஸ்டன் சுற்றவைக்கும் அந்தக் கிராங்க் தண்டின் நுனி கூம்பு வடிவம். பிளைவீலின் நடுத் துளையும் அதே சரிவில் இருக்கும். நட்டை முறுக்க முறுக்க இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நட்டைக் கழற்றிய பிறகும் அந்தக் கவ்வல் விடாது. நடுவில் இருக்கும், சாவி என்று சொல்லும் சின்ன உலோகத் துண்டு, பிளைவீல் சரியான கோணத்தில் உட்காருவதற்கு மட்டும்தான். அதன்மேல் பழி போடாதீர்கள்.

முதலில் நட்டைக் கழற்ற வேண்டும். சில எஞ்சின்களில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். எந்தத் திசையில் கழலும் என்று உறுதி செய்யாமல் நீளக் குழாயை மாட்டி இழுத்தால், இறுக்கிக்கொண்டேதான் போவீர்கள். தண்டு சுற்றாமல் நிற்க, ஸ்பார்க் பிளக் துளை வழியாக மெல்லிய பருத்திக் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டன் அதன்மேல் வந்து மெத்தென்று நிற்கும்படி செய்யலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினானால் இரண்டு வால்வும் மூடியிருக்கும் ஸ்ட்ரோக்காகப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கானால் பிஸ்டன் மேலேறி, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகள் என்ற துளைகளை மூடிய பிறகுதான் கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு போர்ட்டில் சிக்கி நறுக்கப்பட்டுவிடும். கயிற்றின் ஒரு முனை எப்போதும் வெளியே இருக்கட்டும்.

நட் வந்ததும் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். தண்டின் முனையோடு சமமாக நிற்கும் வரை திரும்பச் சுற்றிவையுங்கள். முனையின் மரை நசுங்காமல் அது காக்கும், பிளைவீல் திடீரென்று விடுபட்டாலும் பறந்துவிடாமல் பிடிக்கும். பிறகு அந்த எஞ்சினுக்கே உரிய புல்லரை, அதாவது இழுத்துக் கழற்றும் கருவியை, பிளைவீலின் மரையில் முழு ஆழத்துக்கும் ஏற்றுங்கள். இரண்டு சுற்று ஏறிய நிலையில் இழுத்தால் அந்த மரை உரிந்து வந்துவிடும், அதற்கப்புறம் படும் பாடு பெரிது. நடு போல்ட்டை நன்றாக இறுக்கிவிட்டு, அதன் தலையில் மட்டும் நேராக, சுருக்கென்று ஒரு தட்டு. பல நேரம் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். விடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி ஒரு தட்டு. பிளைவீலின் விளிம்பில் அடித்தால் காந்தம் விரிசல் விடலாம், பலம் குறையலாம். தண்டைப் பக்கவாட்டில் அடித்தால் கிராங்க் கோணிப்போகும். அழுத்திப் பொருத்திய கிராங்க் உள்ள எஞ்சின்களில் அதை நேராக்குவது பெரிய வேலை.

துருவுக்கு வேண்டியது நேரம். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள், நடுநடுவே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொடுங்கள். பிறகு கழற்றும் திசையில் கொஞ்சம், இறுக்கும் திசையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசையுங்கள். கேஸ்கெட் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினாலே போதும்.

எண்ணெய்க்கும் மசியாததற்கு வெப்பம். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினியக் குழி, வெப்பம் 80 டிகிரி ஏறும்போது சுமார் 0.09 மில்லிமீட்டர் அகலமாகும். இறுகியிருக்கும் பேரிங் நழுவி வர அவ்வளவு இடம் பெரும்பாலும் போதும். எஞ்சின் உறையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது சட்டென்று சீறினால் 100 டிகிரியைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம். ஒரே இடத்தில் தீச்சுடரைக் காட்டாமல் ஹீட் கன்னால் சுற்றிலும் சூடேற்றுங்கள். அதற்கு முன் பெட்ரோல் டாங்கையும் கார்புரேட்டரையும் கழற்றித் தூரமாக வைத்துவிடுங்கள். உறை மெக்னீசியமாக இருந்தால் தீச்சுடர் பக்கத்திலேயே வரக்கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பூசிய பாகத்தைச் சூடேற்றவே வேண்டாம், அதிலிருந்து கிளம்பும் புகை நச்சு.

இவ்வளவும் பார்த்தும் ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், முறிந்துபோனால், முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கடினமான எடுப்பான் ஊசியை உள்ளே திணிக்க அவசரப்படாதீர்கள். அது உள்ளேயே முறிந்தால் சாதாரணத் துளையூசி அதன்மேல் ஏறாது. ஸ்டட்டின் முனை வெளியே கொஞ்சம் தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி தளரும். நட் ஆறிய பிறகு ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.