நீக்கியதும் நகராதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். புரோகிராமிங் கற்பவர்களைத் தடுக்கி விழவைக்கும் ஒரு சின்னக் கணக்கோடு வந்திருக்கிறேன். கையில் தாள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: 3, 3, 3, 7, 9, 9. இது வரிசைப்படுத்திய லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மீதியை நீக்க வேண்டும்.

லிங்க்டு லிஸ்ட் என்பது 1955–56 வாக்கில் நியூவெல், ஷா, சைமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் உருவாக்கிய அமைப்பு. சங்கிலி போலக் கோத்த கண்ணிகள்தான் நோடுகள். ஒவ்வொரு நோடும் ஒரு மதிப்பையும், அடுத்த நோடின் முகவரியையும் வைத்திருக்கும். தனக்கு முன்னால் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் வரிசைப்படுத்தியிருப்பதால் ஒரே எண்கள் ஒட்டியே நிற்கும். பக்கத்து நோடைப் பார்த்தாலே போதும். ஒரே நடையில் வேலை முடியும், கூடுதல் மெமரியும் வேண்டாம்.

முதல் 3-இல் நில்லுங்கள். அடுத்ததும் 3. அதைத் தாண்டி, அதற்கும் அடுத்த நோடுக்கு, நீங்கள் நிற்கும் நோடின் பாயிண்டரை, அதாவது அது வைத்திருக்கும் முகவரியைத் திருப்புங்கள். நடு 3 கழன்றுவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்?

படிக்கிற காலத்தில் நான் ஒரு அடி முன்னே வைத்தேன். கடைசி 3-இல் போய் நின்றேன். அதன் பக்கத்தில் 7. வேறு எண்தானே என்று நடையைக் கட்டினேன். விடையில் இரண்டு 3 மிஞ்சியது! இரண்டிரண்டாக வரும் எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்திருந்ததால் அதுவரை பிழை தலைகாட்டவே இல்லை. நீக்கினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். புதிதாகப் பக்கத்தில் வந்தவரையும் விசாரிக்க வேண்டும். எண் வேறாக இருந்தால்தான் நகரலாம். அடுத்து யாருமே இல்லையென்றால் லூப் முடிந்தது.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. கழற்றிய நோடின் மெமரியை நாமே விடுவிக்க வேண்டும், அதுவும் அதன் அடுத்த முகவரியை எடுத்துக்கொண்ட பிறகு. முதலிலேயே விடுவித்துவிட்டு முகவரியைத் தேடினால் சில நாள் ஓடும், சில நாள் கவிழும். ஓடுகிற நாள்தான் எனக்குப் பயம்.

இதற்கு ஒரு அண்ணன் கணக்கும் இருக்கிறது. திரும்ப வரும் எண்ணில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது. அப்போது தலை நோடே, அதாவது முதல் நோடே போய்விடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கில் சேராத ஒரு டம்மி நோடை நட்டு, அங்கிருந்து புறப்படுவார்கள். அதே ஆறு எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். 7 மட்டும் மிஞ்ச வேண்டும். வணக்கம்.