விலகினால் வளரும் அச்சம்

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காலபோக விதைப்பு வேலைகளுக்கு நடுவிலும் இந்த வாசிகசாலை முற்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் ஊரவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1992ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் 10 உலக உளநல நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அதனையொட்டி நமக்குத் தரப்பட்ட தலைப்பு, நாளாந்தப் பதகளிப்பை, அதாவது அன்றாடம் எழும் பதற்றத்தை, தணிக்க உகந்த வழி மனத்தை வேறு பக்கம் திருப்புவதா, அஞ்சியதை அணுகிப் பழகுவதா என்பதாகும். அணுகிப் பழகுவதே வழி என்று நான் வாதிடுகிறேன். எதிரணித் தலைவர், யோசியாமல் இருந்தாலே பாதிச் சுகம் என்றார். கோயிலும் வேலையும் மனத்தை மாற்றிவிடும் என்றார். 2009க்குப் பின்னர் வன்னி மக்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தபடியால்தான் எழுந்து நின்றார்கள் என்றும் சொன்னார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். அவர் காட்டும் வழியைத்தான் மறுக்கிறேன்.

பதகளிப்பு கோழைத்தனம் அன்று. காத்துக் கறுப்பின் வேலையும் அன்று. மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் சிறு பகுதி ஆபத்தென்று ஒன்றைக் கருதிய மாத்திரத்தில் உடல் முழுவதையும் ஆயத்தப்படுத்துகிறது. அதிரினலீன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, குருதி பெருந்தசைகளை நோக்கித் திரும்புவதால் கை குளிர்கிறது, செரிமானம் தளர்ந்து வயிற்றைப் பிசைகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியலாளர் வோல்ற்றர் கனன் 1915இல் விளக்கினார். யானை வேலியை உடைத்து வளவுக்குள் வரும் இரவில் இந்த ஆயத்தம் உயிரைக் காக்கும். நுண்கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் படலையில் நிற்கும்போதும், வானம் கறுத்தும் மழை இறங்காத நாள்களில் விதைத்த வயலை நினைக்கும்போதும் அதே ஆயத்தம்தான் எழுகிறது. அடிப்பதற்கு அங்கே எதிரி இல்லை, ஓடித் தப்பவும் இடமில்லை.

இந்த நிலையில் மனிதர் இயல்பாகச் செய்வது விலகிக்கொள்வதுதான். விலகியவுடன் நிம்மதி வருகிறது. எதிரணியினர் அந்த நிம்மதியையே மருந்தாகக் கொள்கிறார்கள். அச்சத்துக்குத் தீனி போடுவதே அந்த நிம்மதிதான் என்பது எங்கள் வாதம்.

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு வரும் பேருந்தில் நெரிசலுக்குள் நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். திடீரென்று நெஞ்சு அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் போல் அந்தரப்படுகிறாள். விசுவமடுவில் இறங்கிவிடுகிறாள், இறங்கியதும் உடல் ஆறுகிறது. அந்தக் கணத்தில் அவளுடைய மூளை கற்றுக்கொள்வது, இறங்கியதால்தான் உயிர் தப்பினோம் என்பதையே. அடுத்த வாரம் பேருந்தில் ஏறும்போதே உடல் நடுங்குகிறது. அதற்கடுத்த மாதம் கிளினிக் நாளைத் தவறவிடுகிறாள். பின்னர் சந்தை, பின்னர் உறவினர் வீட்டு நல்லது கெட்டது என்று அவள் உலகம் வளவின் எல்லைக்குள் சுருங்கிவிடுகிறது. அவள் இறங்காமல் நின்றிருந்தால், அந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்குவதைக் கண்டிருப்பாள். அவளுக்குத் தேவையான அந்த அறிவைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை விலகல் பறித்துவிட்டது. (முதன்முறையாக நெஞ்சு வலி வந்தவர் வைத்தியசாலைக்குச் சென்று இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளவே வேண்டும். அது விலகல் அன்று.)

யோசியாதே என்ற அறிவுரையை நம் ஊரில் கேட்காதவர் இல்லை. சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆயினும் மனம் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. 1987இல் டானியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களால் அதனை நினையாமல் இருக்க முடியவில்லை. அத்துடன், பின்னர் நினைக்கலாம் என்று விடப்பட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களே அதனை அதிகம் நினைத்தார்கள். ஒரு கரடிக்கே இப்படியென்றால், வெளிநாட்டுக்குப் போன பிள்ளையைப் பற்றிய கவலையை நினையாதே என்று ஒரு தாயிடம் சொல்வதனால் என்ன நடக்கும்?

தாய்மாரைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன், நடுவர் அவர்களே. ஒரு பிள்ளையைப் போரில் பறிகொடுத்து மிஞ்சியிருக்கும் பிள்ளையை வளர்க்கும் தாய், மாலை வகுப்புக்குப் போன மகளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு எடுப்பதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. மகளின் குரலைக் கேட்டதும் அவருக்கு ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதல் சிறிது நேரத்தில் கரைந்ததும் மீண்டும் எடுக்கத் தோன்றுகிறது. ஒரு முறை மகள் எடுக்காவிட்டால் நடக்கக்கூடாததெல்லாம் நடந்துவிட்டதாக மனம் காட்சி விரிக்கிறது. மகளும் நாளடைவில், வெளியே செல்வதே ஆபத்து என்று தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறாள். இங்கே அணுகிப் பழகுதல் என்பது அழைப்பை ஒரேயடியாக நிறுத்துவது அன்று. போய்ச் சேர்ந்ததும் ஓர் அழைப்பு, புறப்படும்போது ஓர் அழைப்பு என்று தாயும் மகளும் கலந்து பேசி முடிவெடுத்து, இடைப்பட்ட நேரத்தில் எழும் அந்தரத்தைத் தாய் பொறுத்துப் பார்க்க வேண்டும். முதல் சில நாள்கள் கடினமாகவே இருக்கும். மகள் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பத் திரும்ப, அழைக்காமலே அவள் வந்துசேர்வாள் என்பதை அவர் உடல் அறியத் தொடங்கும்.

படிப்படியாக அணுகும் இந்த முறை இன்று நேற்று முளைத்ததன்று. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறிய ஒரு சிறுவனின் அச்சத்தை நீக்கிய விதத்தைப் பதிவு செய்தார். சிறுவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது கூண்டில் இருந்த முயல் தொலைவில் வைக்கப்பட்டது. அமர்வுக்கு அமர்வு சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவரப்பட்டது. ஈற்றில் அந்தச் சிறுவன் முயலைத் தன் கையாலேயே தடவினான். அவனை எவரும் முயலுடன் ஓர் அறையில் பூட்டிவைக்கவில்லை. எங்கள் அணியினர் மக்களை அச்சத்துக்குள் தள்ளிவிடச் சொல்கிறார்கள் என்று எதிரணித் தலைவர் குறிப்பிட்டபடியால் இதனை அழுத்திச் சொல்கிறேன்: தள்ளுவது எங்கள் வழியன்று.

இனி அவருடைய கனமான வாதத்துக்கு வருகிறேன். போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை, எங்கள் சனம் கட்டம் கட்டமாக ஊர் திரும்பியது. திரும்பியபோது ஊர் எப்படி இருந்தது? கூரையில்லாச் சுவர்கள், பற்றைக்காடு, மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடி எச்சரித்த சிவப்புப் பலகைகள். அந்தப் பலகை நிற்கும் காணியை விட்டு விலகுவதே அறிவு. இன்றும் வெடி அகற்றி முடியாத நிலத்துக்குள் எவரும் காலடி வைக்கக்கூடாது. ஆனால் வெடியகற்றுநர்கள், அவர்களுள் வன்னிப் பெண்களும் பலர், வெயிலில் குந்தியிருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்துத் துப்புரவாக்கி, பலகையைக் கழற்றிக் கையளித்த பின்னரும் உரிமையாளரின் கால் தயங்கியதே, அதுதான் நாம் பேசும் பதகளிப்பு. ஆபத்து நீங்கிவிட்டது, உடல் அதை இன்னும் அறியவில்லை. அந்தக் காணிக்காரர் வேலியோரமாக முதலில் நடந்தார். பின்னர் கிணற்றை இறைத்தார். பற்றையை வெட்டினார். ஒரு மழைக்குப் பிறகு உழுதார். இவர்களைத்தான் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்கள் என்று எதிரணித் தலைவர் சொல்கிறார். அவர்கள் திரும்பி வந்தவர்கள் ஐயா. எந்த மண்ணில் எல்லாவற்றையும் இழந்தார்களோ அந்த மண்ணையே அணுகி வந்தவர்கள். மனத்தைத் திருப்புவதுதான் மருந்தென்றால் அவர்கள் வேறு ஊர் பார்த்துப் போயிருக்க வேண்டும்.

அவர்கள் தனியாக வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வன்னியின் பாதிப்பு தனி மனங்களோடு நிற்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் தாக்கிய கூட்டு வடு அது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். ஆகவே அணுகிச் செல்லும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது பலவீனம் அன்று. பேருந்தில் முதல் சில பயணங்களுக்கு அக்காவோ அயலவரோ கூட வரலாம். கடன் கொப்பியைத் திறந்து முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதிப் பார்க்க எழுத்தறிந்த ஒரு பிள்ளை உதவலாம். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒளிந்துகொள்வதால் கடன் குறைவதில்லை. தொகையைத் தெரிந்துகொண்டவர் தவணையைப் பற்றிப் பேசவாவது முடியும். கடன் சுமை உண்மையானது, மூச்சுப் பயிற்சியால் அது தீராது என்பதை நான் மறக்கவில்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதால் நெஞ்சுத்துடிப்புச் சற்றுத் தணியும். அந்தத் தணிவை ஓடுவதற்குப் பயன்படுத்தாமல், அந்தக் கொப்பியின் முன்னால் அமர்ந்திருப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். வற்றாப்பளை அம்மன் சன்னதியிலோ மடு மாதாவின் முன்னிலையிலோ நிற்பவர் தம் கவலையை மறக்க அங்கே போவதில்லை. வேறு எவரிடமும் சொல்லாததை வாய்விட்டுச் சொல்லப் போகிறார். அது எங்கள் பக்கத்துச் சாட்சி. மாறாக, ஒன்றும் நடக்காது என்ற வாக்கைக் கேட்பதற்காகவே வாரந்தோறும் சாத்திரக்காரரைத் தேடுவதில் கிடைக்கும் ஆறுதல், அந்தத் தாயின் பத்தாவது அழைப்பு தரும் ஆறுதலைப் போலச் சிறிது நேரமே நிற்கும்.

நான் பேசியது நாளாந்தப் பதகளிப்பைப் பற்றியே. போர்க் காட்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் வந்து வதைப்பவரும், வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் அற்றவரும், வாழ்வதில் பயனில்லை என்று எண்ணத் தொடங்கியவரும் தாமாக முயன்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களுக்கு உளநல வைத்தியரும் உளவளத்துணையாளரும் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வைத்தியரிடம் செல்வதும் அணுகிச் செல்வதே. நம் ஊரில் பலருக்கு அந்தக் கதவே மிகப் பெரிய அச்சமாக இருக்கிறது.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அமர்கிறேன். உயர்தரப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு வாந்தி எடுத்து நடுங்கும் ஒரு மாணவியை, பாவம், இந்த முறை விடு, அடுத்த வருடம் எழுதலாம் என்று வீட்டில் இருத்துகிறீர்கள். அன்றைய பொழுது அவளுக்கு நிம்மதியாகத்தான் கழியும். அடுத்த வருடம் அதே மண்டபத்தின் வாசலில் அவளுடைய அச்சம் இம்முறையைவிடக் குறைந்திருக்கும் என்று எதனை வைத்துச் சொல்கிறீர்கள்?