டொராண்டோவின் புது ஸ்ட்ரீட்கார்: மூன்று அரசுகள், ஒரு பில்

[திரையில்: குயின் தெரு, குளிர்காலம். பழைய சிவப்பு ஸ்ட்ரீட்கார் நிறுத்தத்துக்கு வருகிறது.]

வணக்கம். டொராண்டோ நகரம் தன் பழைய ஸ்ட்ரீட்கார்களை, அதாவது தெருவில் தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டிகளை, எல்லாம் மாற்றிப் புதியவை வாங்கியது. அந்தச் செலவை எந்த அரசு எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்று இந்த வீடியோவில் பார்ப்போம். கனடாவில் இந்த மாதிரி திட்டம் எது வந்தாலும் "ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு" என்பார்கள். மத்திய அரசு ஒன்று, மாகாணம் ஒன்று, நகரம் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஒவ்வொரு முறையும் பேரம் பேசித்தான் அந்தப் பங்கை வாங்க வேண்டும்.

முதலில் பழைய வண்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.

[திரையில்: கதவு திறக்கிறது. உள்ளே செங்குத்தான படிகள்.]

இந்தப் படிகளில் சக்கர நாற்காலி ஏறவே முடியாது. குழந்தை வண்டியோடு வரும் அம்மா, முன்னால் நிற்கும் யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். 1970-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய வண்டிகள் இவை, மொத்தம் 196. கதவும் பிரேக்கும் அழுத்தக் காற்றில் இயங்கும். கடுங்குளிரில் அந்தக் காற்றுக் குழாய்க்குள் இருக்கும் ஈரம் உறைந்துவிடும். அன்றைக்குக் காலையில் பல வண்டிகள் பணிமனையை விட்டே கிளம்பாது.

இந்த 196 வண்டிகளை வாங்கிய காலத்தில் கணக்கு எளிதாக இருந்தது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் பொதுப் போக்குவரத்தின் மூலதனச் செலவில், அதாவது வண்டி வாங்குவது போன்ற பெரிய செலவில், 75 சதவீதத்தைக் கொடுத்து வந்தது. மீதி நகரத்துடையது. இன்ன செலவு வந்தால் இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும், அதை வைத்துத் திட்டம் போடலாம். 1990-களில் மாகாணம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. வண்டிகள் கிழடு தட்டியபோது டொராண்டோவின் கையில் எந்த உறுதியும் இல்லை.

சரி, நகரத்திடம் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கும்? வருமான வரி மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் போகிறது. விற்பனை வரியும் அப்படித்தான். நகரத்துக்குப் பெரிய வருமானம் சொத்து வரி. அதோடு வீடு கைமாறும்போது வசூலிக்கும் வரி, பயணிகளின் டிக்கெட் பணம், இன்னும் சில கட்டணங்கள். அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போட நகரத்துக்குச் சட்டம் இடம் தராது. கடன் வாங்கலாம், ஆனால் மூலதனச் செலவுக்கு மட்டும்தான்.

நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே ஸ்ட்ரீட்கார் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் 1998-இல் எல்லாம் ஒரே நகரமாகச் சேர்ந்துவிட்டதால், உங்கள் சொத்து வரியும் இந்த பில்லுக்குள் போகிறது. அதனால் இது டவுன்டவுன்காரர்களின் விவகாரம் மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

[திரையில்: 2009]

2009 ஏப்ரலில் நகரத்தின் போக்குவரத்து அமைப்பான டிடிசி, வண்டிகளைச் செய்ய பம்பார்டியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. 204 வண்டிகள். ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம், பழையதைப் போல இரண்டு மடங்கு. முழுக்கத் தாழ்தளம், சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை. ஐரோப்பாவில் ஓடும் வண்டியை அப்படியே இறக்கிவிட முடியாது. டொராண்டோவின் தண்டவாள அகலம் 1,495 மில்லிமீட்டர், உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருப்பதைவிட 60 மில்லிமீட்டர் கூடுதல். தெரு முனைகளில் திருப்பங்களும் ரொம்பக் குறுகல். எனவே இந்த ஊருக்கென்றே தனியாக வடிவமைக்க வேண்டும். வண்டிகளுக்கு மட்டும் ஏறக்குறைய 851 மில்லியன் டாலர். உதிரி பாகம், வரி, விலை உயர்வு எல்லாம் சேர்த்தால் சுமார் 1.2 பில்லியன்.

ஒன்டாரியோ மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னது, அதிகபட்சம் சுமார் 416 மில்லியன். அந்த "அதிகபட்சம்" என்ற சொல்லை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மத்திய அரசின் பங்கில்தான் சிக்கல் வந்தது. அப்போது உலகப் பொருளாதாரச் சரிவு. வேலைவாய்ப்பை உடனே உருவாக்க ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, 4 பில்லியன் டாலரில் ஓர் ஊக்க நிதி வைத்திருந்தது. மேயர் டேவிட் மில்லர் தலைமையில் இருந்த நகரம் அந்த நிதிக்கு ஸ்ட்ரீட்காரைக் காட்டி விண்ணப்பித்தது. ஆனால் அந்த நிதியின் நிபந்தனைப்படி வேலை 2011 மார்ச்சுக்குள் முடிய வேண்டும். ஸ்ட்ரீட்கார் வடிவமைத்துக் கட்டி வந்து சேரப் பல ஆண்டு ஆகும். வேலைவாய்ப்பும் டொராண்டோவில் வராது. தொழிற்சாலை இருப்பது வடக்கே தண்டர் பே என்ற ஊரில். அப்போதைய மத்திய போக்குவரத்து அமைச்சர் ஜான் பெயர்ட் டொராண்டோவைக் கெட்ட வார்த்தையில் திட்டியது நிருபர்களின் காதில் விழுந்து, பிறகு அவர் மேயரிடம் மன்னிப்புக் கேட்டதும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி பார்த்தால் ஒட்டாவா மறுத்தது தப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்தில் முடியும் வேலைகளுக்கான நிதியில் முப்பது வருடம் ஓடப்போகும் வண்டிக்குப் பணம் கேட்டது பொருந்தவில்லை. ஆனால் நகரம் வேறு எங்கே போய்க் கேட்டிருக்க முடியும்? பழைய வண்டிக்கு மாற்று வாங்குவதற்கென்று நிலையான ஒரு திட்டம் மத்திய அரசிடம் அன்றைக்கு இருக்கவில்லை. எனக்கு இதில் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஒப்பந்த விலை ஜூன் 27 வரைதான் செல்லும். அதற்கு முந்தைய நாள், 26-ஆம் தேதி, நகர மன்றம் கூடி மத்திய அரசின் பங்கையும் தானே ஏற்றுக்கொண்டது. வேறு மூலதனத் திட்டங்களைத் தள்ளிவைத்தார்கள், கடனையும் கூட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கு என்று கிளம்பிய நகரம் மூன்றில் இரண்டு பங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டது.

[திரையில்: ஸ்பாடைனா தெருவில் முதல் புதிய வண்டி, 31 ஆகஸ்ட் 2014]

அப்புறம் தாமதம். 2015 முடிவதற்குள் 70-க்கு மேல் வந்திருக்க வேண்டும், 20 கூட வரவில்லை. மெக்சிகோ ஆலையிலிருந்து வந்த பாகங்கள் தண்டர் பேயில் சரியாகப் பொருந்தவில்லை. பின்னால் வெல்டிங் குறை தெரியவந்து, முதலில் வந்த 67 வண்டிகளைத் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வெல்டிங் செலவு நிறுவனத்துடையது. ஆனால் புதுசு வரும்வரை பழைய வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டியது யார் பணத்தில்? ஸ்ட்ரீட்கார் தடத்தில் பேருந்து விட்டது யார் பணத்தில்? இவை அன்றாடச் செலவுகள், பகிர்வு ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவை. நகரம்தான் தாங்கியது. பழைய வண்டிகள் 2019 டிசம்பர் 29-ஆம் தேதி ஓய்வு பெற்றன. 204-ஆவது புது வண்டி 2020 ஜனவரியில் வந்தது.

[திரையில்: 2021 மே. 180 + 180 + 208 = 568 மில்லியன்]

2021-இல் இன்னும் 60 வண்டிகள். இந்த முறை மூன்று அரசுகளும் வந்தன. மொத்தம் 568 மில்லியன், ஹில்கிரெஸ்ட் பணிமனையை விரிவாக்குவதும் அதில் அடக்கம். மத்திய அரசு 180 வரை, மாகாணம் 180 வரை, நகரம் 208. சரியாக மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 189 வர வேண்டும், இல்லையா? அங்கேதான் அந்த "அதிகபட்சம்" வேலை செய்கிறது. மேலே இருக்கும் இரண்டு அரசுகளின் பங்குக்கும் உச்சவரம்பு உண்டு. நகரத்தின் பங்குக்கு இல்லை. விலை ஏறினால், வேலை இழுத்துக்கொண்டால், கூடுவது மூன்றாவது பங்கு மட்டும்தான்.

பணம் வரும் விதத்தையும் பாருங்கள். பொதுவாக மத்திய அரசின் இந்த வகை நிதி முன்பணமாக வருவதில்லை. நகரம் முதலில் பில்லைக் கட்டும், ரசீதுகளைச் சேர்த்து அனுப்பும், பிறகு தன் பங்கைத் திரும்பக் கேட்டு வாங்கும்.

வண்டி வந்து சேர்ந்தபின் ஓட்டுநர் சம்பளம், மின்சாரம், பணிமனை வேலை, இதெல்லாம் முப்பது வருடத்துக்குத் தொடரும். அதில் பெரும்பகுதி டிக்கெட்டிலிருந்தும் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. புது வண்டி வாங்கும் நாளில் மூன்று கொடிகள் மேடையில் இருக்கும். சக்கரம் தேய்ந்து கடைசல் இயந்திரத்துக்குப் போகும் நாளில் நகரம் தனியாக நிற்கும்.

நிலைமை கொஞ்சம் மாறவும் செய்திருக்கிறது. 2024-இல் மத்திய அரசு கனடா பொதுப் போக்குவரத்து நிதி என்று ஒன்றை அறிவித்தது. அதன் கீழ் டொராண்டோவுக்குப் பத்து ஆண்டுகளில் 1.2 பில்லியன் டாலர் வரை. அந்தப் பணத்திலிருந்துதான் சுரங்க ரயிலின் 55 புது வண்டித் தொடர்களுக்கு ஒட்டாவா 758 மில்லியன் ஒதுக்கியது. மாகாணமும் அதே 758, நகரமும் அதே 758. எனக்கு அந்தத் தொகையைவிடப் பத்து ஆண்டு என்ற உறுதி பெரிதாகத் தெரிகிறது. வருடா வருடம் கையேந்தாமல் எந்த வண்டியை எப்போது மாற்றுவது என்று நகரம் உட்கார்ந்து திட்டம் போட முடியும். 1970-களில் 75 சதவீதம் தந்ததும் இதைத்தான்.

ஆனால் 2014-இல் ஓடத் தொடங்கிய ஸ்ட்ரீட்கார்களுக்கு 2040-களின் நடுவில் முப்பது வயது ஆகும். அந்த நிதியின் பத்து ஆண்டு அதற்கு முன்பே முடிந்துவிடும்.