தடை போட்டாயிற்று, முப்பது திமிங்கலங்களும் எங்கே போகும்?

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கிற நம்மவர்களில் விருந்தாளியை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகாதவர் யார்? ஊரிலிருந்து சித்தப்பா வந்தாலும் நயாகரா, புது மாப்பிள்ளை வந்தாலும் நயாகரா. அப்படியே பக்கத்திலிருந்த மரைன்லேண்ட் என்கிற கடல்விலங்குப் பூங்காவுக்கும் போய், தனியாகக் காசு கட்டி, பெலூகா திமிங்கலத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். பயப்படாதீர்கள், உங்களைத் திட்ட வரவில்லை.

நீங்கள் தொட்ட அந்த மெத்தென்ற நெற்றி முழுக்கக் கொழுப்பு. பெலூகா ஒலி எழுப்பும்போது அது உப்பும், சப்பும், முன்னால் துருத்தும். போன ஒலி எதிரொலித்துத் திரும்புவதை வைத்துத்தான் இருட்டிலும் பனிக்கட்டிக்கு அடியிலும் அது வழி பிடிக்கிறது. கோடையில் இதே கனடாவின் ஹட்சன் விரிகுடாவில், சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும். ஆழம் குறைந்த இடங்களில் அடியில் கிடக்கிற கூழாங்கல்லில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, மஞ்சளித்த பழைய தோலை உரித்துவிட்டு வெள்ளை வெளேர் என்று கிளம்பும். கான்கிரீட் தொட்டியில் எதில் தேய்ப்பது? நாலு பக்கமும் சுவர், அனுப்புகிற ஒலியெல்லாம் உடனே திரும்பி வரும்.

சரி, 2019-இல் கனடா சட்டம் போட்டது. திமிங்கலங்களையும் டால்பின்களையும் காட்சிக்காகப் புதிதாகப் பிடித்து வைக்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்யவும் கூடாது. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே தொட்டியில் இருப்பவை அப்படியே இருக்கலாம் என்று விட்டார்கள், அவற்றின் சாப்பாட்டுச் செலவு யார் தலையில் என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு மரைன்லேண்டில் 19 பெலூகாக்களும் கிஸ்கா என்ற ஓர்க்கா திமிங்கலமும் செத்துப்போயின. 2021-இல் அமெரிக்காவின் மிஸ்டிக் மீன்காட்சியகத்துக்கு அனுப்பிய ஐந்தில் மூன்றும் உயிரோடு இல்லை. 2025-இல் பூங்கா திறக்கவே இல்லை. மிச்சமிருந்த முப்பதையும் சீனாவின் சிமெலாங் பூங்காவுக்கு அனுப்ப அனுமதி கேட்டார்கள், அக்டோபரில் மத்திய மீன்வள அமைச்சர் மறுத்துவிட்டார். உடனே நிறுவனம், பணம் தராவிட்டால் கருணைக்கொலைதான் என்று கடிதம் எழுதியது. மறுத்தது சரி என்பது என் கட்சி. மறுத்த கையோடு அரசு தீவனத்துக்குப் பணம் வைத்திருக்க வேண்டும், அதைச் செய்யாமல் மாகாணம் பார்க்கட்டும், கம்பெனி பார்க்கட்டும் என்று கைகாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

"கடலில் விட்டுவிடலாமே" என்று உடனே கேட்பீர்கள். தொட்டியிலேயே வளர்ந்து, செத்த மீனையே தின்று பழகியதை எப்படி விடுவது? ஷாங்காய் காட்சியகத்திலிருந்து லிட்டில் கிரே, லிட்டில் ஒயிட் என்று இரண்டை 2019-இல் விமானத்தில் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வலை கட்டிய விரிகுடா தயாராக இருந்தும், இரண்டும் பெரும்பாலான காலம் கரையிலுள்ள தொட்டியில்தான் கழித்தன, அலைக்கும் குளிருக்கும் பழக அவ்வளவு நாள் பிடிக்கிறது. நோவா ஸ்கோஷியாவில் போர்ட் ஹில்ஃபோர்டில் இதே மாதிரி ஒரு சரணாலயத்துக்குத் திட்டம் இருக்கிறது, ஆனால் முப்பதுக்கும் அங்கே இடமிருக்காது.

அதனால் ஒரு பகுதியை வேறு மீன்காட்சியகங்களுக்குத்தான் அனுப்ப வேண்டிவரும். மிஸ்டிக்கில் நடந்ததைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், ஊசி போட்டுக் கொல்வதைவிட அது தேவலை. கோபம் வருகிறவர்கள் கேள்வி நேரத்தில் கையைத் தூக்குங்கள், பேசுவோம்.