பதின்மூன்று ரூபாயும் பாதி டிக்கெட்டும்

(அம்பத்தூரில் நடந்த ரயில் பயணிகள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாரத்துக்கு ஒருநாள் கிடைக்கும் ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில் கட்டணம் ஏறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கே ஏறியது? 2025-ல் இரண்டு தடவை ஏற்றினார்கள், ஜூலை 1-ல் ஒன்று, டிசம்பர் 26-ல் இன்னொன்று. இரண்டிலும் நம்முடைய மின்சார ரயில் கட்டணத்தையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. டிசம்பரில் எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா கூடியது. எழும்பூரிலிருந்து திருநெல்வேலி சுமார் 650 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 13 ரூபாய். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவும் காசுதான். ஆனால் பெரிய காசு போன இடம் வேறு.

2020 மார்ச் வரைக்கும் 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி. கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிற ஒரு பாட்டிக்கு அன்று 200 ரூபாய், இன்று முழுசாக 400. 13 ரூபாய் ஏறியபோது செய்தி வந்தது, டீக்கடையில் பேசினோம். 200 ரூபாய் போனதை இத்தனை வருஷமாக எத்தனை பேர் பேசுகிறோம்? எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் அப்போதுதான் நடந்தது. பாசஞ்சர் ரயில்களை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். அதே பெட்டி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற அதே ஓட்டம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ரூபாய்க்கு வந்தது. அது தெரியாமல் இன்றைக்கும் கவுண்டரில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பாசஞ்சரில் ஏறுகிறவர்கள் உண்டு. ஊர்ப் பெயரோடு "பாசஞ்சர் டிக்கெட்" என்றும் சேர்த்துக் கேளுங்கள். போனில் ரயில்ஒன் செயலியில் எடுத்தாலும் ஆர்டினரி (பாசஞ்சருக்கு அதுதான் பெயர்), எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று தனித்தனியாகத்தான் காட்டும், பார்த்து அழுத்துங்கள். ஆனால் பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள். பிடித்தால் வித்தியாசக் காசோடு அபராதமும் கட்ட வேண்டும்.

சரி, தினமும் போய் வருகிறவர்கள் விஷயம். எங்கள் தொழிற்பேட்டையில் தையல் வேலைக்கு வந்த ஒரு அக்கா, திருவள்ளூர்ப் பக்கம். தினமும் வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பார். "ஏன்க்கா, சீசன் எடுக்கலாமே" என்றேன். "மொத்தமா குடுக்கக் கையில ஏது தம்பி" என்றார். ஒரு தடவைக்கு 10 ரூபாய் என்றால் மாதம் 26 நாள், போக வர 52 தடவை, 520 ரூபாய். மாத சீசனோ அதில் பாதிகூட வராது. கையில் மொத்தமாக 200 ரூபாய் இல்லாதவர் மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்! அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து முதல் மாத சீசனை எடுத்துக் கொடுத்தோம். அடுத்த மாதத்திலிருந்து மிச்சமான காசிலேயே அவரே எடுத்துக்கொண்டார். உங்கள் பக்கத்து மெஷினில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று நாளைக்கே கேளுங்கள். முடிந்தவர்கள் மூன்று மாத சீசன் எடுக்கலாம், 2.7 மாதக் காசுதான். ஒரு வருஷத்துக்கு எடுத்தால் 10.8 மாதக் காசு.

பிள்ளைகள் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரைக்கும், பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், வீட்டிலிருந்து படிக்கிற இடத்துக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். பையன் கல்லூரிக்குப் போய்விட்டால் மாணவர் சீசன், பாதிக் காசு. படிக்கிற இடத்தில் சான்று வாங்கித் தர வேண்டும். நான் கேட்ட பத்துக் குடும்பத்தில் இரண்டு குடும்பத்துக்குத்தான் இது தெரிந்திருந்தது.

தூர ஊருக்குப் போகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது, பொங்கலுக்கு அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தட்கலில் ஸ்லீப்பருக்கு 100-லிருந்து 200 ரூபாய் வரை கூடுதலாகப் போகும். பகலில் உட்கார்ந்து போக முடிந்தால் மதுரைக்கு வைகை, காரைக்குடிக்குப் பல்லவன், ஸ்லீப்பரைவிட மலிவு. ஒரே ரயிலில் போகிற தூரத்துக்குத் துண்டு துண்டாக டிக்கெட் எடுக்காதீர்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டர் விகிதம் குறையும், கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

மூத்தோர் சலுகையைத் திரும்பக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். நமது எம்.பி.க்கும் ரயில்வே அமைச்சருக்கும் அனுப்பப் போகிறோம். வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. வயதான அம்மா, அப்பா வீட்டில் இருந்தால் ஒரு தாளை எடுத்துப் போய் அவர்கள் கையெழுத்தோடு புதன்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுங்கள். பிள்ளைகளின் சீசனுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இங்கேயே இருங்கள், இப்போதே எழுதித் தருகிறேன்.