சாண எரிவாயுக் கலனுக்கும் தாது உப்பு உண்டு

வணக்கம் நேயர்களே.

வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தாது உப்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு மெலிகிறது, சினை பிடிக்கவில்லை என்றால் பிண்ணாக்கோடு கலந்து வைப்பீர்கள். அந்த உப்பில் துளியளவு கோபால்ட் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை வைத்துத்தான் பி12 வைட்டமின் செய்கின்றன.

சாண எரிவாயுக் கலனுக்குள் மீத்தேன் உண்டாக்குவதும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான், சாணத்தோடு வந்து குடியேறியவை. மீத்தேன் உருவாகும் கடைசிப் படியை நடத்தும் நொதியின் நடுவில் ஒரு நிக்கல் அணு உட்கார்ந்திருக்கிறது. இந்த நுண்ணுயிரிகளுக்கு நிக்கலும் கோபால்ட்டும் மாலிப்டினமும் தேவை என்று 1979-இல் ஜெர்மனியின் மார்புர்க்கில் ருடால்ஃப் டவுவரின் குழு காட்டியது. இரும்பும் வேண்டும், செலினியமும் வேண்டும். ஆனால் நிக்கல், கோபால்ட் எல்லாம் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே போதும். ஆயிரம் லிட்டர் கலனுக்கு ஒரு கிராம்கூட வேண்டாம்.

அப்படியானால் இந்த உலோகங்களைக் கடையில் வாங்கிக் கலனில் போட்டுவிடலாமா? கொடுங்கையூரில் ஒரு கொட்டகையில் அண்ணன் ஒருவர் இதையேதான் கேட்டார். சாணத்தைக் குறைத்துக்கொண்டு, கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றையும் காய்கறிக் கழிவையும் மாதக்கணக்கில் கொட்டியிருந்தார். அடுப்பைத் திறந்தால் சுடர் பிடிக்கவில்லை. கரைசலில் புளித்த வாடை. புளிப்பைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன், ஆறுக்கும் கீழே, அதாவது புளிப்பு மிக அதிகம். பத்து நாள் சோறு வேண்டாம், தினமும் புதுச் சாணம் மட்டும் கரைத்து விடுங்கள் என்றேன். பதினோராம் நாள் அவரே போன் செய்தார். நீலச் சுடர் வந்துவிட்டதாம்.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சாணம் புளிப்பை மட்டுப்படுத்துகிறது, உலோகங்களையும் நுண்ணுயிரிகளையும் தன்னோடு கொண்டுவருகிறது. சோற்றிலும் காய்கறியிலும் அந்த உலோகங்கள் குறைவு. சாணமே கிடைக்காமல் உணவுக் கழிவில் மட்டும் ஓடி, திரும்பத் திரும்பப் புளிக்கிற கலனுக்குத்தான் உலோகக் கலவை உண்மையாகவே உதவும். அதுவும் கரைசலைச் சோதித்த பிறகு.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆலைக் கழிவு கலந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மண்ணில் சேர்ந்த உலோகம் என்ன செய்யும் என்று தெரியும். வாயு எரிந்து போய்விடும், உலோகம் போகாது. கரைசலோடு வெளியே வந்து கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் போய்ச் சேரும். முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரில் நிக்கல் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் குரோமியமும் சயனைடும் கலந்திருக்கலாம், கலனே செத்துப்போகும்.

சரி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அது ஹைட்ரஜன் சல்பைடு. கலனுக்குள் இருக்கும் நிக்கலையும் கோபால்ட்டையும் பிடித்துக் கட்டிப்போடுவதும் இதன் வேலைதான். பெரிய நிலையங்களில் இரும்பு உப்பைக் கலனிலேயே விட்டு இதை அடக்குகிறார்கள். வீட்டுக் கலனுக்கு, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளை எண்ணெய் போகக் கழுவி, நன்றாகத் துருப்பிடிக்க வைத்து, வாயுக் குழாயில் ஒரு குடுவைக்குள் அடைத்தாலே போதும். அது கரைசலில் கலக்காது. நாளடைவில் கறுத்துவிடும், அப்போது மாற்றுங்கள். கறுத்த சுருள் காற்றுப் பட்டதும் சூடேறும், தீயும் பிடிக்கலாம். ஈரமாகவே எடுத்து, திறந்த வெளியில் போடுங்கள். வைக்கோல் பக்கம் மட்டும் வேண்டாம்.