கல் தடுப்புச் சுவரைச் சிமென்ட்டால் அடைக்கலாமா?

குன்னூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வீட்டின் பின்புறம் மேட்டை வெட்டி ஆறடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டப்போகிறோம். ஒன்றரை அடி அகலம் போதும் என்கிறார் கொத்தனார். இடுக்கு விடாமல் சிமென்ட் பூசினால்தான் நிற்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மேலே கார் நிறுத்தும் யோசனையும் உண்டு. யார் சொல்வது சரி?"

ஐயா, இரண்டுமே சரியில்லை. அகலத்தை முதலில் பார்ப்போம். ஆறடிச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சாதாரண மண், காய்ந்த நிலையிலேயே, ஏறக்குறைய ஒரு டன் விசையோடு தள்ளும். கல் சுவர் இதைத் தன் எடையால் மட்டுமே தாங்குகிறது. ஒன்றரை அடிச் சுவருக்கு அந்த எடை கிடையாது. கணக்குப் போட்டால் மழை வராமலேயே கவிழ்கிறது. அடியில் மூன்றடி, உச்சியில் ஒன்றரை அடி என்று வெளிமுகத்தைச் சாய்த்துக் கட்டுங்கள். அடிவரிசையை ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இறக்குங்கள். பெரிய கல்லின் நீளப் பக்கம் மேட்டை நோக்கி உள்ளே போக வேண்டும். அழகுக்காக முகத்தோடு ஒட்டி நிறுத்திவைத்த கல்தான் முதலில் பிதுங்கும்.

இப்போது சிமென்ட்டுக்கு வருகிறேன். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடுக்குகளை அடைத்துவிட்டால் பின்னால் இறங்கும் நீர் அங்கேயே தேங்கும். உச்சி வரை தேங்கினால் ஒரு டன் தள்ளுவிசை இரண்டு டன்னாகிவிடும். மூன்றடி அடிமானம் உள்ள அதே நல்ல சுவர்கூட அப்போது வழுக்கி நகரும். நீங்கள் நினைத்தது தடுப்புச் சுவர், கட்டியது அணை! அணைக்கான அகலம் அதற்கு ஏது?

ஆகவே கல்லை அடுக்கியே கட்டலாம், நீர் தானாக வடியும். சிமென்ட் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், ஐந்தடிக்கு ஒன்றாகப் பிவிசி குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்த்திப் பதித்துவிடுங்கள். எப்படிக் கட்டினாலும் சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். வெட்டி எடுத்த களிமண்ணையே திரும்பக் கொட்டுவது இங்கே எல்லோரும் செய்கிற சிக்கனம், அதைச் செய்யாதீர்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி விரித்தால் ஜல்லி அடைபடாது. கூரைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் விழாதபடி வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

கார் நிறுத்துவதாக இருந்தால் நான் சொன்ன அகலம் பொருந்தாது. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி, அதாவது ஆறடிக்கு அப்பால் நிறுத்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மண்ணை நேரில் பார்த்த பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.